டெல்லியில் பழகிய தராசு

தராசின் சின்னக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். உள்ளே பச்சையம்மாவின் காசுமாலை சுருண்டு படுத்திருந்தது. எண்கள் ஓடின, கொஞ்சம் தடுமாறின, நின்றன. நான் வாசிப்பதற்கு முன்னால் பச்சையம்மா வாசித்துவிட்டார்.

"இன்னாம்மா இது? கம்மியா காட்டுது?"

ஆடி மாதம் நான் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் விரித்துக் காட்டினார். அதில் இருந்த எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் ஏறக்குறைய நூறு மில்லி வித்தியாசம். தங்கக் கடைப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: நூறு மில்லி என்றால் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு சவரன் மாலையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அதில் ஒரு சின்ன மூக்குத்தி செய்துவிடலாம்.

மாலையை எடுத்து மறுபடி வைத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அதே எண்தான்.

பச்சையம்மா தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் வேறெதையும் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தார்.

"மூக்குத்தி புதுசா இருக்குது?" என்றார்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என் மூக்கைப் பார்த்தார்கள். ஐயோ, அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மூக்கு எரிகிறது.

இந்தத் தொடரில் புகுந்த வீட்டைப் பற்றி நான் எழுதியதெல்லாம் புகார்தான் என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். நியாயம்தான். அதனால் இந்த வாரம் என் நாத்தனார் தேவகியைப் பற்றி. புகார் இல்லாமல் முடிக்க முயல்கிறேன்.

காசிக்குப் போன முதலாளி

அப்போது நான் திருவண்ணாமலையில் தேரடித் தெருப் பக்கம் ஒரு நகைக் கடையில் வேலை பார்த்தேன். பழுதுக்கும் மாதிரிக்கும் வரும் நகைகளை எடை போட்டு வாங்கி வைப்பது, திரும்ப எடை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு.

பச்சையம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். நெல்லும் மல்லாட்டையும், அதாவது நிலக்கடலையும், போடுகிற குடும்பம். மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். அவருடைய அம்மா போட்ட காசுமாலையை மகளுக்குப் போடப்போகிறார். அதற்குப் பொருத்தமாகத் தோடும் ஜிமிக்கியும் செய்ய வேண்டும். மாதிரிக்காக மாலையை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் யாரும் கை வைக்க வேண்டிய வேலையே இல்லை. இரும்புப் பெட்டியில் சும்மா இருந்தது.

பெட்டிச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கும். ஒருவர் முதலாளி, இன்னொருவர் நான். அந்தச் சமயத்தில் முதலாளி குடும்பத்தோடு காசிக்குப் போயிருந்தார். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரும் அப்படித்தான் போட்டது.

காசியிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியைச் சுற்றிப் பார்த்தவர் அங்கே ஒரு தராசு வாங்கிவிட்டார். எங்கள் பழைய மின்தராசு கண் அவிந்துபோய் வேலூருக்குப் பழுதுக்குப் போயிருந்தது. புதியது மில்லியில் கடைசி எண் வரை காட்டுமாம். கடைக்காரர் அவர் கண் முன்னாலேயே சரிபார்த்துக் கொடுத்தாராம். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தராசுக்கு அரசு முத்திரை போடும் ஆள் வந்து பார்க்கும்வரை பொறுக்கலாம் என்றேன். ஆவணியில் நல்ல நாள் தவறிவிடும் என்று பூஜை போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குள் தராசோடு இன்னொரு பொருளும் இருந்தது. வெல்வெட் குழியில் ஒரு சின்ன உலோக உருளை, மேலே குமிழ், பளபளவென்று. பார்க்கக் கோபுரக் கலசம் மாதிரியே இருக்கும். கூடவே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு தாள். தாளை யாரும் படிக்கவில்லை. உருளையை முதலாளியம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தராசோட வந்த லட்சுமி" என்று பூஜை மாடத்தில் வைத்துவிட்டார். எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு: தங்கத் தராசில் தங்கம்தான் ஏற வேண்டும், வேறு உலோகம் ஏறக்கூடாது. ஆகவே லட்சுமி தட்டில் ஏறவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் ஏறிக்கொண்டு மாடத்தில் இருந்தாள்.

அன்றைக்குப் பச்சையம்மா கத்திய சத்தம் கேட்டு முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"தராசு பொய் சொல்லாதும்மா. டெல்லித் தராசு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப பொய் சொல்றது யாரு? எங்கம்மா போட்டு, நான் போட்டு, எம்பொண்ணு போடப்போற மாலை. அதுல அரம் வெச்சிட்டாங்களே! வா, பக்கத்துக் கடையில வெச்சிப் பாக்கலாம்."

"என் கடை நகை இன்னொருத்தன் தராசுல ஏறாது" என்றார் முதலாளி. மனிதருக்கு மானம் அங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது.

பச்சையம்மா மாலையைத் தொடவில்லை. "இங்கியே இருக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை வரேன். முழுசா இருந்தா எடுத்துனு போறேன். இல்லாங்காட்டி ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதலாளி என் மேசையருகே வந்து, மெதுவாக, "வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாத்தனார் என்றால்

தேவகி என் கணவரின் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். நல்லவள். ஆனால் ஒரு மனுஷி காய் வாங்கிக்கொண்டு வந்து, "ரெண்டு கிலோ எடை" என்று சொல்லிவிட முடியாது.

"எடைன்னா கிலோல சொல்லக் கூடாது அண்ணி. கிலோ நிறைக்கு."

"சரி, நிறை. முருங்கைக்காய்க்கு எது சொன்னாலும் சாம்பார் ஒண்ணுதான்."

ஒரு முறை அவள் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். சமையலறையில் சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் வாங்கியிருந்தோம். காலி சிலிண்டரை அதில் ஏற்றித் தள்ளச் சொன்னாள். தள்ளினேன், ஓடியது. பிறகு நிறைந்த சிலிண்டரை ஏற்றித் தள்ளச் சொன்னாள். நகர மறுத்தது. நகர்ந்த பிறகு நிற்க மறுத்தது, போய் மாவு டப்பாவில் இடித்தது.

"பாரத்தைத் தரை தாங்குது. நீங்க தூக்கவே இல்ல. அப்புறம் ஏன் தள்ள கஷ்டமா இருக்குது?"

"பக்கத்துல ஒருத்தி நின்னு கேள்வி கேட்டா கஷ்டமாத்தான் இருக்கும்."

"அதுதான் நிறை அண்ணி. உள்ள எவ்ளோ சரக்கு இருக்குதோ அது. கெளம்பவும் வுடாது, நிக்கவும் வுடாது. நிலாவுக்கு எடுத்துட்டுப் போனாலும் அது மாறாது. எடைன்றது வேற. பூமி அதைப் பிடிச்சு இழுக்குது பாருங்க, அந்த இழுப்பு. நிலாவுல இழுப்பு கம்மி, அதனால எடை கம்மி. ஆனா அங்கயும் மாவு டப்பா நசுங்கும்."

நசுங்கிய டப்பா இன்றும் இருக்கிறது. அன்றைக்கு நான் திட்டிய திட்டு அவளுக்கும் நினைவிருக்கும்.

இப்போது புரிகிறதா, மூக்குத்தி விவகாரத்தன்று சாயங்காலம் நான் அவளிடம் ஏன் எதுவும் சொல்ல விரும்பவில்லை என்று? வந்ததும் மூக்குத்தியைக் கழற்றி பர்ஸில் போட்டேன். அது தேவகி வாங்கிக் கொடுத்தது. அரியர்ஸ் வந்த சந்தோஷத்தில், "உங்க மூக்குக்கு ஒண்ணு இருக்கட்டும் அண்ணி" என்று எங்கள் கடையிலேயே பில் போட்டு வாங்கியது. பில்லைக் காட்டி என்ன செய்வது? சந்தேகம் வந்த கண்ணுக்குப் பில்லும் திருட்டுப் பில்தான்.

என் கணவர், "நான் வந்து பேசறேன்" என்றார். அவர் பேசப்போய் உருப்பட்ட காரியம் ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை வருஷம் கிராம் கிராமாக அடுத்தவர் தங்கத்தை அளந்து கொடுத்த கை. ஒரே நாளில் திருட்டுக் கை ஆகிவிட்டது.

தேவகி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தராசு எங்க வாங்கினது?" என்று கேட்டாள்.

"ஏண்டி, இங்க உயிரு போகுது. உனக்குத் தராசா?"

"சொல்லுங்க அண்ணி. எங்க?"

"டெல்லியில."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அடிக்கலாம் போல இருந்தது.

ஒழுங்காகத் திருடும் திருடன்

மறுநாள் அவள் சொன்னபடி செய்தேன். கடையில் கூட்டம் சேர்வதற்குள், சீட்டில் பழைய எடை எழுதித் தொங்கும் நகைகளில் ஒவ்வொரு அளவிலும் ஒன்றை எடுத்துப் புதுத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதலாளி கல்லாவிலிருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று வைத்தேன்.

மோதிரத்தில் குறைவு மிகச் சொற்பம். வளையலில் கொஞ்சம் ஜாஸ்தி. ஒட்டியாணத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆவணி முழுக்க நாங்கள் விற்றது தோடும் மோதிரமும்தான். சொற்ப வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, "பழைய தராசு மந்தம், புதுசு கரெக்ட்" என்று முதலாளி பெருமைப்பட்டிருந்தார்.

வீட்டில் எண்களைக் கேட்ட தேவகி கணக்குப் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோதிரத்திலும் அதே பங்கு, ஒட்டியாணத்திலும் அதே பங்கு, பச்சையம்மாவின் மாலையிலும் அதே பங்கு.

"அண்ணி, நீங்க திருடியிருந்தீங்கன்னா..."

"ஏய்!"

"திருடியிருந்தீங்கன்னா, கடையில இருக்கிற ஒவ்வொரு நகையிலயும் ஒரே விகிதத்துல அரம் போட்டிருக்கணும். இவ்ளோ ஒழுங்கா உங்களுக்கு மாவு பிசையவே வராது."

அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒரு சிட்டிகை விபூதி

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மலையைச் சுற்றி வரலாம் என்று கிளம்பினேன். தேவகியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட வந்தாள். வெயில் இறங்கியிருந்தாலும் தார்ச்சாலை சூடாகத்தான் இருந்தது. செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு எங்களைவிட வேகமாகப் போனார்கள். பாதை நெடுக ஊதுபத்தி வாசமும் பஜ்ஜி வாசமும்.

"புரியற மாதிரி சொல்லுடி. டெல்லியில இருந்து வந்தா தங்கம் இளைச்சுப் போகுமா?"

"தங்கம் இளைக்கல. இழுப்பு இளைச்சுப் போச்சு."

பூமி சரியான உருண்டை இல்லையாம். இடுப்பில் கொஞ்சம் பெருத்திருக்குமாம். "என்னைப் பார்த்தா சொல்ற?" என்றேன். "பூமியை அண்ணி" என்றாள். நாம் அந்த இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பூமியின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. அதோடு ராட்டினத்தில் வெளி ஓரத்தில் உட்கார்ந்தவரை அது வெளியே தள்ளப் பார்ப்பது போல, பூமி சுற்றும்போது இடுப்புப் பக்கம் இருப்பவரைத் துளி லேசாக்கிவிடுகிறது. டெல்லி வடக்கே இருப்பதால் அங்கே இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, இங்கே கொஞ்சம் கம்மி. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"மின்தராசுக்குத் தங்கம் தெரியாது அண்ணி. தட்டை எவ்ளோ அழுத்துதுன்னு மட்டும்தான் தெரியும். இவ்ளோ அழுத்தினா நூறு கிராம்னு டெல்லியில அதுக்குக் கத்துக் குடுத்துட்டாங்க. இங்க அதே நூறு கிராம் கொஞ்சம் மெதுவா அழுத்துது. அது பாவம், கம்மின்னு சொல்லுது."

"அப்போ ரெண்டு தட்டு வெச்ச பழைய தராசு?"

"அது எங்க போனாலும் சரியாச் சொல்லும். ஒரு தட்டுல நகை, ஒரு தட்டுல கல்லு. இழுப்பு கம்மியானா ரெண்டுக்கும் சேர்ந்துதான கம்மியாகும்? அது நிறையை நிறையோட ஒப்பிடுது."

நடுவழியில் எனக்குக் கால் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அவள் காய்கறிப் பையை வைத்து என்னைப் படுத்திய பாடெல்லாம் இதற்காகத்தானா என்று தோன்றியது.

வழியில் ஒரு லிங்கச் சந்நிதியில் விபூதி எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "எத்தனை தடவை சுத்தினாலும் மலை இழுக்குது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தேவகி சண்டைக்குப் போவாள் என்று பயந்தேன்.

"உண்மைதாங்கம்மா" என்றாள் அவள். "நிறை இருக்கிற எதுவும் எதையும் இழுக்கும். மலையும் இழுக்குது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரு நாள் தோராயமா கணக்குப் போட்டுப் பார்த்தேன் அண்ணி. உங்களை மலை இழுக்கிற இழுப்பு, உங்க கையில இருக்கிற அந்தச் சிட்டிகை விபூதியோட எடை அளவு இருக்கும்."

கையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மலை, அவ்வளவுதான் இழுக்கிறது.

"அவ்ளோதானா?"

"நீங்களும் மலையை அதே அளவு இழுக்கறீங்க. துளி கூட கம்மி இல்ல. அதுல மட்டும் பெரிசு சின்னது கிடையாது."

அவளை எனக்கு அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. விபூதியை அவள் நெற்றியிலும் பூசிவிட்டேன்.

அப்புறம்தான் அவள் கேட்டாள்: "தராசுப் பெட்டியில சரிபார்க்க ஒரு எடைக்கல் வந்திருக்கணுமே? குமிழ் வெச்சு, பளபளன்னு?"

"கலசம்!" என்று நான் கத்தியதில் முன்னால் போன வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்து எங்களைக் கும்பிட்டார்.

லட்சுமிக்கு அபிஷேகம்

வெள்ளிக்கிழமை தேவகி பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பச்சையம்மா சொன்னபடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேவகி எல்லாவற்றையும் விளக்கினாள்.

"அப்ப இங்க வாங்கி டெல்லியில வித்தா லாபமா டீச்சர்?" என்றார் முதலாளி கிண்டலாக.

"இந்தத் தராசைக் கையில எடுத்துட்டுப் போனா லாபம் சார். தட்டுத் தராசு வெச்சிருக்கிறவன்கிட்ட போனா ரயில் செலவு நஷ்டம்."

முதலாளியம்மா மாடத்திலிருந்து உருளையைக் கொண்டுவந்தார். அன்று காலைதான் பூஜை முடிந்திருந்தது. மல்லிகைச் சரத்தை எடுத்துவிட்டுத் தட்டில் வைத்தார்கள். அது நூறு கிராம் கல் என்று அடியில் பொறித்திருந்தது. தேவகி சொன்னபடி பார்த்தால் தராசு நூறு கிராமுக்கு நூறு மில்லி குறைவாகக் காட்ட வேண்டும்.

எண்கள் நின்றன. நூறையும் தாண்டி நின்றன.

"ஜாஸ்தியில்ல காட்டுது! கம்மி எங்க?" என்றார் முதலாளி.

பச்சையம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "பாடம் நடத்தனது போதும் டீச்சரம்மா. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

முடிந்தது என்று நினைத்தேன். போலீஸ் ஜீப் எங்கள் தெருவில் நிற்பது வரைக்கும் நினைத்துவிட்டேன்.

தேவகி மட்டும் குனிந்து கல்லையே பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டினாள். ஒரு பொருக்குச் சந்தனம் பெயர்ந்து வந்தது.

"சார், இது நூறு கிராம் இல்ல. நூறு கிராமும் ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமைங்களும். இதைக் கழுவணும்."

"சாமியைக் கழுவறதா?" முதலாளியம்மா கல்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்த லட்சுமி. முடியாது."

தேவகியின் இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. அந்த இடத்தில் எனக்குத்தான் வந்தது.

"கழுவ வேணாம்மா. அபிஷேகம் பண்ணலாம்."

முதலாளியம்மா முகம் மலர்ந்தது. உடனே பால் கொண்டுவரச் சொன்னார், தேன் கொண்டுவரச் சொன்னார். "தண்ணி போதும், தண்ணி மட்டும்" என்று தேவகி கெஞ்சினாள். தண்ணீர் ஊற்றி முடித்ததும் முதலாளியம்மா பழக்க தோஷத்தில் புளியை எடுத்தார். தேவகி போட்ட அலறலில் கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தேய்க்காதீங்கம்மா! தேய்ச்சா நிறையே போயிடும்!"

மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தைத் துடைத்து, காயவிட்டு, தட்டில் வைத்தோம். எண்கள் ஓடின. நூறு கிராமுக்கு நூறு மில்லி குறைவாக வந்து நின்றன.

தேவகி பச்சையம்மாவிடம் திரும்பினாள். "இந்த லட்சுமி மேல யாரும்மா அரம் வெச்சது?"

பச்சையம்மா தராசைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

தேவகி பொடி எழுத்துத் தாளைப் படித்து ஒரு பொத்தானை அழுத்தினாள். "இப்ப திருவண்ணாமலை நூறு கிராம் எப்படி அழுத்தும்னு அதுக்குக் கத்துக் குடுக்கணும். கல்லை வைக்கணும்" என்றாள். முதலாளி கையை நீட்டினார். "நீங்க இல்ல சார். அண்ணி வைக்கட்டும்."

வைத்தேன். தராசு யோசித்தது. நூறு என்று காட்டியது, பின்னால் வெறும் பூஜ்யங்கள். கல்லை எடுத்துவிட்டுக் காசுமாலையை வைத்தேன். ஆடி மாதத்துச் சீட்டில் என் கையெழுத்தில் இருந்த எடை அப்படியே வந்தது.

முதலாளிதான் திடீரென்று, "ஐயையோ" என்று நாற்காலியைத் தேடினார். "கம்மியா காட்டற தராசுலதான மாசம் பூரா வித்திருக்கேன்? ஒவ்வொரு தடவையும் தங்கம் ஜாஸ்தி போயிருக்குதே!"

"பழைய தங்கம் வாங்கினதும் அதே தராசுலதான சார். அதுல வந்திருக்கும்" என்றாள் தேவகி. அவருக்கு அது போதுமான ஆறுதலாக இல்லை. சாவியை மட்டும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

பச்சையம்மா மாலையைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

நகைப் பை

அதுதான் எனக்கு ஆறவில்லை. திருடி என்று சொல்ல அத்தனை சத்தம் வந்ததே, இல்லை என்று சொல்ல ஒரு முனகல்கூட வரவில்லையே! மூக்குத்தி பர்ஸிலேயே கிடந்தது. "போட்டுக்கோங்க அண்ணி" என்று தேவகி ஓரிரு முறை சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் எடுத்துக்கொண்டு போவேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வரும். திரும்பப் போட்டுவிடுவேன்.

ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால் பச்சையம்மா வேங்கிக்கால் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் பத்திரிகை, பழம், மஞ்சள் குங்குமம். "டீச்சரும் நீயும் ரெண்டு பேரும் வந்துடணும்" என்றார். அப்போதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் காபி கொடுத்தேன், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கம்மியாகப் போட்டேன்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தேவகி இழுத்துக்கொண்டு போனாள். கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் நாதஸ்வரமும் ஜெனரேட்டரும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. மணமேடையில் பெண் கழுத்தில் அந்தக் காசுமாலை. அதன் ஒவ்வொரு காசும் எனக்குத் தெரியும்.

நாங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். பச்சையம்மா வியர்க்க விறுவிறுக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இடுப்பில் செருகியிருந்த சிவப்புத் துணிப் பையை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். கனமாக இருந்தது. கல்யாண வீட்டில் நகைப் பை யார் கையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூடப்பிறந்தவளிடம் கொடுக்கவே யோசிப்பார்கள்.

"இதைப் பிடி. தாலி கட்டி முடியறவரைக்கும் நீ வெச்சிரு. எனக்கு ஆயிரம் வேலை கிடக்குது."

"எண்ணிக் குடுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு எண்ணணும்?"

போகத் திரும்பியவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் போலவே மூக்கைப் பார்த்தார்.

"மூக்கு இன்னா மொட்டையா கீது? எங்க அது?"

தேவகிதான், "பர்ஸ்லயே வெச்சிருக்காங்க" என்றாள்.

"எடு டீச்சரு அதை."

என் இரண்டு கைகளிலும் பை. தேவகி என் பர்ஸைத் திறந்து, துழாவி, மூக்குத்தியை எடுத்துக் கொடுத்தாள். பச்சையம்மா அதை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தார், முந்தானையில் துடைத்தார். என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் மூக்குத்தியைச் செருகித் திருகைச் சுற்றினார். அந்தக் கையில் மஞ்சளும் சந்தனமும் மணத்தன. மேடையில் கெட்டிமேளம் சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் திருகை இறுக்கி முடித்தார்.

"இன்னாத்துக்குக் கண்ணு கலங்குது? ஜாஸ்தி இறுக்கிட்டனா?"

"ஆமாம்மா" என்றேன். "கொஞ்சம் ஜாஸ்தி."